மைக் டெஸ்ட்

கொண்டாப்பூர் அரங்கில் நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடக்கின்றன. மேடையில் ஒரே ஒரு விளக்கு. அதன் வட்டத்துக்குள் ரோகிணி நிற்கிறாள். மாலையில் இங்கே அவள் திறந்து கிடக்கும் சாக்கடைக் குழிகளைப் பற்றிப் பேச வேண்டும். மூடி நகர்ந்தால் உடனே தகவல் அனுப்பும் கருவி ஒன்றைச் செய்திருக்கிறாள். அது அவள் உள்ளங்கையில் தீப்பெட்டிபோல் இருக்கிறது. “போன வருஷ மழையில என் தம்பி பிரசன்னா இப்படி ஒரு குழியிலதான் விழுந்து இறந்துபோனான்” என்கிறாள். குரல் தட்டுத் தடங்கலின்றி ஓடுகிறது. பேச்சுப் பயிற்சி தரும் ஸ்ரீஜா முன்வரிசையிலிருந்து கையை உயர்த்துகிறாள். “நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு அக்கா. தம்பி பேரைச் சொன்னதும் கொஞ்சம் நிறுத்துங்க. ஃபீல் வரணும்.” ரோகிணி மறுபடியும் சொல்கிறாள். மறுபடியும் அதே வழவழப்பு. அரங்கின் பின்கோடியில் சவுண்ட் பார்க்கும் முகமது யூசுப் குரல் கொடுக்கிறார். “மேடம், மைக் லெவல் பார்க்கணும். சும்மா ஏதாச்சும் பேசுங்க. காலையில என்ன டிபன்?”

“தோசை” என்கிறாள் ரோகிணி. “எனக்கு ரெண்டு ஊத்தினேன். அப்புறம், பழக்கதோஷத்துல, அவனுக்கும் முறுகலா...” விம்மல் இரண்டு பக்க ஸ்பீக்கரிலும் பெரிதாகிக் காலி நாற்காலிகள்மேல் போய் விழுகிறது. ஸ்ரீஜா துள்ளி எழுகிறாள். “இதேதான் அக்கா! சாயந்தரமும் இப்படியே பண்ணிடுங்க!” யூசுப் யாரையும் பார்க்காமல் மைக்கின் ஒலியை மெல்லக் குறைத்துக்கொண்டே வருகிறார். விளக்கு வட்டத்துக்குள் அவள் தோள்கள் குலுங்குகின்றன. ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.