அன்னமா, காக்காவா?

"பாஸ்" என்று சொன்னதும் மகாதேவி அழ ஆரம்பித்தாள்.

ஆனந்தக் கண்ணீர் என்றுதான் அதிகாரி வேலுமணி முதலில் நினைத்தார். படம் எடுக்கச் செல்போனைக்கூடத் தூக்கிவிட்டார்.

"சார், இன்னொருக்கா நல்லாப் பாத்துச் சொல்லுங்க. நான் செஞ்சது அன்னமே இல்ல. காக்கா!"

மேசைமேல் கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. விருந்தாளியின் கட்டில்மேல் துண்டை அன்னப்பறவையாக மடித்து வைப்பது, ஓட்டல் அறைப் பராமரிப்புப் பயிற்சியின் கடைசிப் பாடம். மகாதேவியின் அன்னம் கழுத்தொடிந்து படுத்திருந்தது.

"பரவாயில்லம்மா. பாஸ்."

"கழுத்து தொங்கிக் கெடக்கு சார். மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க!"

கொடைக்கானலுக்கு அந்தப் பயிற்சி நிலையம் சும்மா வந்துவிடவில்லை. பன்னிரண்டு நாடுகள் கடல் தாண்டி எங்கோ மாநாடு கூடி, மூன்று நாள் விருந்து சாப்பிட்டு, 'உலகத்தில் வேலை இருக்கிறது, ஏழைகளிடம் திறன்தான் இல்லை' என்று கண்டுபிடித்ததால் வந்தது. நிதி கொடுத்தவர்களுக்கு இந்த மாதக் கடைசிக்குள் நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும். தொண்ணூற்றொன்பதிலேயே நின்றதற்கு ஒரே காரணம் மகாதேவி. மூன்று தடவை ஃபெயில். இது நாலாவது.

"அழுகை எதுக்குன்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள் பயிற்சி கொடுக்கும் ஷாஸியா. "காலையில அவ ஊரு கூக்கால்ல இருந்து ஓசி வேன். பதினோரு மணிக்கு டீ, பன்னு. சாயங்காலம் திரும்ப வேன். பாஸாயிட்டா எல்லாம் போச்சுல்ல?"

"ஒரு பன்னுக்காகவா?" வேலுமணி முகத்தைச் சுளித்தார். "ஓசியில திங்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா? நாளையிலேர்ந்து நீங்க வரவேணாம். கூக்கால்ல நீங்க ஒரு ஆள்தான் பாக்கி. வேனையும் நிறுத்திடலாம்."

மகாதேவி அவர் காலில் விழப்போனாள்.

"மார்ச் வரைக்குமாவது ஃபெயில் போடுங்க சார்!"

இப்படி ஒரு கெஞ்சலை வேலுமணி தன் சர்வீசில் கேட்டதில்லை.

நிதி கொடுத்தவர்களுக்கு ஒரு 'வெற்றிக் கதை'யும் வேண்டியிருந்தது. தேர்ச்சி பெற்ற பெண், சொந்த வீட்டு வாசலில், சான்றிதழோடு, சிரித்தபடி. அதனால் சாயங்காலம் வேலுமணியும் அதே வேனில் ஏறினார். மகாதேவி பரீட்சைத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

வேன் கொஞ்ச தூரம் போய் ஒரு பள்ளிக்கூட வாசலில் நின்றது. புத்தகப் பையோடு எட்டுப் பெண்பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். அவரைக் கண்டதும் கப்சிப்.

"யாருப்பா இதெல்லாம்?"

டிரைவர் அப்பாஸ் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "அடுத்த பேட்ச் சார்."

"ஸ்கூல் யூனிபார்ம்லயா?"

"அட்வான்ஸ் புக்கிங் சார்."

பூம்பாறை தாண்டியதும் வளைவுக்கு வளைவு சிணுங்கினாள், மகாதேவி பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புக்காரி. அவளுக்குத் தலைசுற்றல். மகாதேவி கண்ணைத் துடைத்த கையோடு துண்டை மடியில் விரித்தாள். ஜன்னலைப் பார்த்தபடியே இரண்டு மடிப்பு, ஒரு சுருட்டு, ஒரு திருகு.

சிறுமியின் மடியில் அன்னம் கழுத்தை நிமிர்த்தி உட்கார்ந்தது. சிணுங்கல் நின்றது. பயிற்சிப் புத்தகத்துப் படத்தில்கூட அவ்வளவு லட்சணமான அன்னத்தை வேலுமணி பார்த்ததில்லை.

"சித்தி, நாளைக்கு வேன் வருமா?"

அப்பாஸ் கண்ணாடியில் வேலுமணியைப் பார்த்துச் சொன்னார்.

"வெள்ளனே ஒரு பஸ் விடச் சொல்லி ஒம்பது வருசமா மனு குடுக்குறாங்க சார். மொத பஸ்ஸு ஊருக்கு வரவே பத்தரை ஆயிடும். இந்த வேன் வந்த பெறகுதான் இதுக ஒழுங்கா ஸ்கூலுக்கு வருதுக. பின்னால இருக்கிற மூணும் பிளஸ் டூ. மார்ச்சுல பரீட்சை. ஊர்ல ட்ரெய்னிங்குக்கு ஒரு ஆளாவது இருந்தாத்தான வேனு?"

வேலுமணி பைலைத் திறந்து பேனாவை எடுத்தார். சிறுமியின் மடியைக் காட்டி, "என்னம்மா அது?" என்று அதட்டினார்.

மாட்டிக்கொண்ட மகாதேவி திக்கினாள். "அ... அன்னம் சார்."

"அன்னமா? நல்லாப் பாருங்கம்மா. சுத்தக் காக்கா! மார்ச் வரைக்கும் ஃபெயில்!"