மலைமுழுங்கியும் ஒரு சுவிட்சும்

"நீதான் போட்டே! பின்ன என்ன, மலை எறங்கி வந்து போட்டுச்சா?"

கேப்டன் போட்ட கூச்சலில் மாடிப்படி முழுக்கக் காது முளைத்தது. இரண்டாம் மாடி துணி உலர்த்தும் சாக்கில் வந்து நின்றது. நான்காம் மாடிக்குச் சாக்கே தேவைப்படவில்லை.

"சத்தியமா நான் சுவிட்சைத் தொடவே இல்லை சார்" என்றாள் அவள். கேப்டனின் துணை விமானி. அவர் மகன் கட்டிக்கொள்ளப்போகிறவளும் அவள்தான். அதாவது, நேற்று வரைக்கும்.

விஷயம் இதுதான். மலைகளுக்கு நடுவில் ஒரு சின்ன விமான நிலையம். அங்கே ஒழுங்காக இறங்கினாலும்கூட எச்சரிக்கைக் கருவி "புல் அப்! புல் அப்!" என்று கத்தும். எதிரே மலை, மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடு என்று அர்த்தம். அந்த நச்சரிப்புப் பொறுக்காமல் சுவிட்சை அணைத்துவிட்டு இறங்குவது கேப்டனின் வழக்கம். இருபது வருஷமாக இறங்குகிறாராம். எங்கள் குடியிருப்பில் அவருக்கு மலைமுழுங்கி என்றே பெயர்.

நேற்றும் அணைத்தார். ஒரே மேகம். திடீரென்று காதருகே அந்த இயந்திரக் குரல்: "புல் அப்! புல் அப்!" கேப்டனின் கை தானாக இழுத்தது. விமானம் எழும்பியபோது மேகம் கொஞ்சம் கிழிந்து, சக்கரத்துக்கு அடியில் மரங்களின் உச்சி தெரிந்தது.

"வழி விலகிப் போறோம்னு மூணு தடவை சொன்னேனே சார். நீங்க காதுலயே வாங்கலை."

"நேத்து வந்தவ சொல்லி நான் கேக்கணுமா? மிஷின் சொன்னா கேப்பேன். யோசிக்கக்கூட மாட்டேன், கை தானாத் தூக்கும். ஆனா எனக்குத் தெரியாம என் சுவிட்சைப் போட்டே பாரு, அது திருட்டுத்தனம்!"

"போடலை சார்."

"எறங்கினதும் பாக்கறேன், சுவிட்ச் அணைஞ்சே இருக்கு! போட்டதும் இல்லாம, தடயம் தெரியாமத் திரும்ப அணைச்சும் வெச்சிருக்கா. என்ன கைகாரி! பொய் சொல்ற பொண்ணு இந்த வீட்டுக்கு வேண்டாம்."

காதலித்த வீரன் ஃப்ரிட்ஜோடு ஃப்ரிட்ஜாக நின்றான். கேப்டனம்மாதான் களத்தில் இறங்கினாள். அவளுக்கு இந்தப் பெண் என்றால் உயிர். முதல் நாள் வந்தபோதே கூடத்தில் உட்கார்ந்தபடி குக்கர் விசில் அடித்து, கேப்டனம்மாவை அடுப்படிக்கு ஓடவைத்துச் சிரிக்கவைத்த பெண்.

"போட்டிருந்தாத்தான் என்ன? முழுசா வீடு வந்து சேந்தீங்கல்ல? வேணும்னா மேலிடத்துல புகார் குடுங்க. நீங்க ஏன் அணைச்சீங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க!"

மலையை முழுங்கியவருக்கு இந்த ஒரு வார்த்தை தொண்டையில் சிக்கியது.

"சரி, கல்யாணம் நடக்கட்டும். ஆனா நான்தான் போட்டேன்னு அவ ஒத்துக்கட்டும்."

"போடாததை எப்படி சார் போட்டேன்னு சொல்றது?"

கல்யாணம் நடந்தது. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. போட்டோவில் எல்லாரும் சிரிக்க, கேப்டன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "மருமக தங்கம்தான், அந்த ஒரு பொய்தான்" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சுவிட்சை அணைப்பதே இல்லை என்றும் கேள்வி. அதை மட்டும் லிஃப்டில் சொல்லவில்லை.

இளஞ்சோடி ரயிலடிப் பக்கம் தனிக்குடித்தனம் போனது. முதல் ஞாயிற்றுக்கிழமை கேப்டனும் கேப்டனம்மாவும் பார்க்கப் போனார்கள். காப்பி வந்தது. உடம்பில் ஏற்கெனவே சர்க்கரை ஆலை நடத்துகிற கேப்டன், மூன்றாவது ஸ்பூனைச் சர்க்கரை டப்பாவில் விட்டார்.

"வேண்டாங்க" என்றாள் கேப்டனம்மா. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அவர் காதிலேயே வாங்கவில்லை.

"புல் அப்! புல் அப்!"

அதே குரல். அச்சு அசல் அதே இயந்திரக் குரல். கேப்டனின் கை தானாகத் துள்ளி எழும்பியது. அவர் வழுக்கையில் சர்க்கரை மழை பெய்தது.

மிரண்டுபோய்த் திரும்பிப் பார்த்தார். டிவி ஓடவில்லை. பின்னால் மருமகள் மட்டும் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள், அப்போதுதான் வாயை மூடியவளாக.

"அன்னைக்கும் சுவிட்ச் அணைஞ்சேதான் இருந்துச்சு, மாமா."