அரை டிக்கெட்

வார இறுதிக்கு டிரெஸ்டன் நகருக்குக் கிளம்பிய ஆனெக்ரெட் குடும்பம் ரயிலில் நான்கு இருக்கைகளை நிரப்பியிருந்தது. அவள், கணவன், மகன் யோன்ட்டே, ஜன்னலோரத்தில் நாய் வென்ட்சல்.

"நாயைக் கீழே இறக்கும்மா. டிக்கெட் எடுத்தவங்களுக்குத்தான் சீட்டு," என்றார் பரிசோதகர்.

"அதை இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க சார்."

பெட்டிக்கே கேட்கும்படி சொன்னார்.

ஆனெக்ரெட் டிக்கெட்டுகளை அவர் மூக்கருகே நீட்டினாள். இரண்டு முழு டிக்கெட், ஒரு அரை டிக்கெட்.

"அரை டிக்கெட் பையனுக்குத்தானே?"

"அவனுக்கு அஞ்சு வயசு. உங்க சட்டப்படி இலவசம். அதே சட்டப்படி நாய்க்குத்தான் அரை டிக்கெட் எடுத்தேன்."



ஆனெக்ரெட் மகனைத் தூக்கித் தரையில் உட்கார வைத்தாள்.

"சார் சொன்னது கேட்டுச்சா செல்லம்? நீ ஓசிடா!"