கணக்கில் ஏறாத சொல்

"நானூறு தடவை எழுதினாலும் கணக்கில் ஏறாத சொல் எது? சொல்லு பார்க்கலாம்."

லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடி ஹரிஷ் மகளுக்கு விடுகதை போட்டான். நாலாம் வகுப்பு தாரணி உதட்டைப் பிதுக்கினாள்.

"தெரியலப்பா."

"இதோ, இந்த லிஸ்ட்ல இருக்கிற சொல். 'ஒரு', 'அது', 'அம்மா'... எல்லா வரியிலயும் வர்றது. இதுல சேர்த்துட்டா புரோகிராம் எண்ணாம விட்டுடும்."

எந்தச் சொல்லை அதிகம் எழுதுகிறோம் என்று கண்டுபிடித்து வரச் சொல்லியிருந்தார் மமதா மிஸ். ஹரிஷின் மனைவி வைஷ்ணவி ஜெர்மனிக்கு வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. மகள் அவளுக்கு அனுப்பிய மெசேஜ் அத்தனையையும் ஹரிஷ் ஒரே ஃபைலாக்கி, புரோகிராமை ஓடவிட்டான்.

எப்ப – 412.
தோசை – 96.

எப்ப வருவே, எப்ப டிக்கெட் போடுவே, எப்ப லீவு...

ஹரிஷின் முகம் மலர்ந்தது. இன்னும் ஒரு வருஷம் அங்கேயே இருப்பதா, திரும்புவதா என்று வைஷ்ணவி நாளைக்குள் சொல்லியாக வேண்டும்.

"இதை அப்படியே அம்மாவுக்கு அனுப்பு, தங்கம்."

"நேத்து போன்ல 'உன் இஷ்டம் வைஷு, நாங்க ஜம்முனு இருக்கோம்'னு சொன்னியே?"

"இப்பவும் நான் ஒண்ணும் சொல்லலையே. கணக்குதானே சொல்லுது!"

"பேடப்பா, வேண்டாம்! வேணும்னா நீயே வரச் சொல்லு." பிடிவாதம் வந்தால் அவளுக்குப் பள்ளிக்கூடக் கன்னடம் வந்துவிடும்.

"நான் சொன்னா நல்லா இருக்காதும்மா. ஏன், உனக்கு அம்மா வர வேணாமா?"

தாரணி போனை எடுத்து, போன வாரம் அம்மா அனுப்பிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீஸில் ஓர் அறைக் கதவு. அதில் அம்மாவின் பெயர். வகுப்பு முழுக்கக் காட்டிவிட்டு வந்த படம்.

சமையலறையில் குக்கர் கத்தியது. ஹரிஷ் போய் அடுப்பை அணைத்து, பருப்பைக் கடைந்து வைத்துவிட்டு வந்தான்.

"அனுப்பிட்டேன்ப்பா."

சொல்லி வாய் மூடவில்லை, வைஷ்ணவியின் பதில் வந்துவிட்டது.

"முதலிடம் தோசைக்கா! குழந்தை ஏங்கிப் போயிருப்பாளோன்னு பயந்துட்டே இருந்தேன் ஹரிஷ். இனிமே நிம்மதியா இன்னொரு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடறேன்."

ஹரிஷ் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினான்.

எண்ணாமல் விட வேண்டிய சொற்களின் பட்டியலில், கடைசியாக 'எப்ப' என்று சேர்த்திருந்தாள் தாரணி.