லுத்ஃபின் தார்ப்பாய்

"தார்ப்பாய் எங்கேடா?"

தெருத் தலைவர் ஹிஸாம் மூன்றாவது முறையாகக் கேட்டார். லுத்ஃப் நனைந்த மெத்தையை உதறிக்கொண்டிருந்தான்.

அவன் பின்னால் அவனுடைய ஐந்து மாடி மண்கல் வீடு குவியலாகக் கிடந்தது. ஏமன் தலைநகர் சனாவின் பழைய நகரில், எங்கள் சந்துக்கே மூத்த வீடு. முந்நூறு வருடம் நின்றது, பத்து நாள் மழையில் கரைந்து இன்று மதியம் உட்கார்ந்துவிட்டது. விரிசல் விடும் சத்தம் கேட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் குழந்தைகளும் வெளியே ஓடிவந்ததால் உயிர் தப்பினார்கள்.

"நிவாரணக்காரங்க வீட்டுக்கு ஒண்ணுன்னு தந்ததை என் கையால உனக்குக் கொடுத்தேன். கூரையில விரிச்சியா, இல்லையா?"

"விரிக்கலீங்க."

"சந்தையில வித்து, போதைக்குக் காத் இலை வாங்கி மென்னிருப்பான்," என்றார் ரொட்டிக்கடைக்காரர். அந்த மழையிலும் நாலு பேர் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரன், எனக்கு இல்லாத உரிமையா? எனக்கு வந்த தார்ப்பாயை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தவன் நான். அப்பா பூசிய சுண்ணாம்புக் கூரைக்கு பிளாஸ்டிக் ஒரு கேடா? முதல் நாள் லேசாக ஒழுகியது. மறுநாள் தானாகவே நின்றுவிட்டது. சுண்ணாம்பு தண்ணீர் குடித்தால் தானே மூடிக்கொள்ளும். பழைய வேலை என்றால் அதுதான்.

"வீட்டைக் கட்டிக் காக்க ஒரு யோக்கியதை வேணும்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

லுத்ஃபின் மனைவி கரீமா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ சும்மா இரு," என்று அவளை அடக்கினான் லுத்ஃப்.

ஹிஸாம் என் பக்கம் திரும்பினார். "ஹமூத், உன் வீட்டுக் கீழறை ரெண்டும் காலிதானே? மழை விடுற வரைக்கும் இவங்க..."

"கூரையை வித்துத் தின்னவனுக்கு என் வீட்ல கூரையா? வேற ஆளைப் பாருங்க."

லுத்ஃப் நனைந்த மெத்தையைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். கடைசிக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, நகர மதிலுக்கு வெளியே எங்கோ தள்ளிக்கொண்டு போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மேலறைக்கு ஏறினேன். மனைவி தகிய்யாவுக்குப் பிரசவமாகி இருபது நாள்தான். நாற்பது முடியும்வரை கட்டிலை விட்டு இறங்கமாட்டாள்.

"கீழறையைத் திறந்து விட்டீங்களா? பிள்ளைங்க நனைஞ்சிருக்குமே!"

"தார்ப்பாயை வித்த திருடனுக்கு நான் எதுக்குத் திறக்கணும்? அனுப்பிட்டேன்."

தகிய்யா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டீங்க! நம்ம கூரை ஒழுகிப் பிள்ளை நனைஞ்சதைக் கரீமா பார்த்துட்டுப் போனா. மறுநாள் நீங்க கடைக்குப் போனதும் லுத்ஃப் அண்ணன் மாடி தாண்டி வந்து, அவர் தார்ப்பாயை நம்ம கூரைமேல விரிச்சுக் கட்டிட்டுப் போனாரு. 'எனக்கு வேற கிடைச்சுடும்மா. ஹமூத்கிட்ட மட்டும் சொல்லிடாதே, ரோஷக்காரன், பிய்ச்சு எறிஞ்சுடுவான், பச்சைப்பிள்ளை நனையும்'னு சொன்னாரு."