தொட்டியின் அடியில் தங்கிய கல்

எங்கள் விடுதிக்கு வெள்ளையடிக்க வந்த மாயவன் என் தோழியிடம் சொன்ன கதை இது. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொற்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம்.

ஒரே பாறையில் வெட்டிய இரண்டு சுண்ணாம்புக் கற்கள், அண்ணனும் தம்பியும், ஒரே சூளைக்குப் போயின. நடுவில் கிடந்த தம்பி நன்றாக வெந்தது. ஓரத்தில் கிடந்த அண்ணனுக்குத் தீ எட்டவில்லை. பிறகு இரண்டையும் ஒரு தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினார்கள். தம்பி கொதித்து, உடைந்து, வெண்ணெய்போல் குழைந்தது. அண்ணன் கல்லாகவே அடியில் தங்கியது.

"அடியில் கிடப்பது உன் சொந்தமா?" என்று தண்ணீர் கேட்டது.

"யாரென்றே தெரியாது. வேகாத கல். வெளியே போடச் சொல்," என்றது தம்பி.

அண்ணனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏண்டா, உனக்கு நடுவில் இடம் விட்டு ஓரத்துக்குப் போனவன் நான். கடலடியில் ஒரே சிப்பி உடைந்து, பாதி உன் வயித்திலயும் பாதி என் வயித்திலயும் கிடந்ததே. அதுவுமா தெரியாது?"

"அதெல்லாம் எரிஞ்சுபோச்சு. சத்தம் போடாதே. உன்னோடு பார்த்தால் என்னையும் கல் என்பார்கள்."

வடிகட்டும்போது அண்ணனை எடுத்துத் தெருவில் வீசினார்கள். எதிர்ச் சுவரில் பூசிய தம்பி பளிச்சென்று காய்ந்தது.

"இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுடா," என்று அண்ணன் கத்திக்கொண்டே இருந்தது.

பிறகு நான் வேதியியல் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். சுவரில் பூசிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி, சுண்ணாம்புக்கல் எந்தப் பொருளோ அதே பொருளாக மறுபடி இறுகிவிடுகிறது.