கட்டாத கம்பி

காலை எட்டரை மணி. வேதியியல் ஆய்வகத்தின் தரையில் ஜன்னல் வெளிச்சம் நெளிகிறது. அத்தனையும் தண்ணீர். குழாயை மூடி, மின்சாரத்தையும் அணைத்துவிட்டேன். இரவெல்லாம் தண்ணீர் ஓடவேண்டிய என் கண்ணாடிக் குளிர்விப்பானிலிருந்து கழன்ற ரப்பர் குழாய் மேசை விளிம்பில் தொங்கிச் சொட்டுகிறது. இரவில் கட்டடத்துக் குழாய்களெல்லாம் மூடியதும் தண்ணீரின் வேகம் கூடும். அதனால் இரவெல்லாம் ஓடும் சோதனைக்கு ரப்பர் குழாயின் வாயைக் கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டுப் போவது இங்கே வழக்கம். நேற்று பேருந்துக்கு நேரமாகிவிட்டது, நான் கட்டவில்லை. ஆய்வகத்தைச் சுத்தம் செய்யும் அக்கா தள்ளுகோலால் தண்ணீரை வடிகால் பக்கம் தள்ளுகிறாள். அலமாரியின் அடித்தட்டைத் தண்ணீர் எட்ட இன்னும் ஒரு சாண்தான். உள்ளே சோடியம் இருக்கிறது, தண்ணீர் பட்டால் தீப்பற்றும். "நீச்சல் குளம் வேணும்னு யாரு கேட்டா?" என்று முனகியவள், "கம்பி கட்டினியா கண்ணு?" என்கிறாள். "கட்டினேன்க்கா." தள்ளுகோல் நின்றுவிடுகிறது. "அப்போ நேத்து சாயங்காலம் மேசை துடைக்கையில குழாயை நான்தான் இழுத்துவிட்டுட்டேன் போல. போன மாசம் குடுவை உடைஞ்சப்பவே, இன்னொரு தடவைன்னா வேலைக்கு வராதேன்னுட்டாரு சார்." மறுபடி தள்ளுகிறாள், முன்னைவிட வேகமாக. உள்ளே வர வந்த பேராசிரியர் வாசலிலேயே நின்றுவிடுகிறார். "யார் பண்ண வேலை இது?" அக்கா தொண்டையைச் செருமுகிறாள். "நான்தான் சார், கம்பி கட்டலை," என்கிறேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை சொல்கிறேன். அவர் அலமாரியைக் காட்டி ஏதோ கேட்கிறார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் காலைச் சுற்றியுள்ள தண்ணீரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் தள்ளிக்கொண்டு போகிறாள்.